இரண்டு காதும் தெரிய

ஜனவரி 12

அன்புள்ள மாமாவுக்கு,

பட்டாணி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஸ்டுடியோ மாடிப்படியை ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் ஏறுவதில்லை என்று போன கடிதத்தில் சத்தியம் செய்திருந்தீர்கள். நீங்கள் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று அம்மா சொல்வாளாம். அப்பா உயிரோடு இருந்தவரை அம்மாவைப் பற்றி என்னிடம் சொன்னது இந்த ஒன்றுதான். வேறு எதைக் கேட்டாலும் சுவரில் இருக்கும் படத்தைக் கையால் காட்டி, "அதோ இருக்காளே" என்பார்.

மாத்திரை கம்பெனியில் என்னைச் சோதனை அறைக்கு மாற்றிவிட்டார்கள். கண்ணாடிக் கதவுகள், வெள்ளை விளக்கு. ஓடுகிற பட்டையில் மாத்திரைகள் வரும். உடைந்ததையும் நிறம் மாறியதையும் பொறுக்கி எடுக்க வேண்டும். வேலை பிடித்திருக்கிறது. தொப்பிதான் பிடிக்கவில்லை. ஒரு முடிகூட வெளியே தெரியக்கூடாது. முடி உள்ளே போனால் என் காது இரண்டும் வெளியே வந்து நிற்கின்றன. இத்தனை வருடம் முடியை இறக்கி வாரி ஒப்பேற்றினேன். இப்போது வழியில்லை. முதல் நாளே எனக்கு 'வாணலி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் உள்ளே நுழைந்ததும் யாராவது, "வாணலி வந்தாச்சு, அடுப்பப் பத்த வைங்க" என்பார்கள். நானும் சிரிக்கிறேன். சிரிக்காவிட்டால் இன்னும் பெரிய பாத்திரமாகப் பார்த்துப் பெயர் வைப்பார்கள்.

ஒரு டாக்டரைப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் கீறி, குருத்தெலும்பை மடித்துத் தைத்துவிட்டால் காது தலையோடு ஒட்டி நிற்குமாம். ஒன்றரை மணி நேர வேலை. "எந்த மாதிரி காது வேணும்? பிடிச்ச படம் இருந்தா கொண்டு வாங்க" என்றார். எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. அம்மாவின் காது.

என்னிடம் இருக்கிற படம் உள்ளங்கை அகலம்தான். நெகட்டிவ் உங்களிடம் இருக்குமே. இரண்டு காதும் தெளிவாகத் தெரிகிற மாதிரி பெரிதாகப் போட்டு அனுப்புங்கள் மாமா. ஜூன் முதல் வாரம் இயந்திரங்களைக் கழுவ கம்பெனியை மூடுவார்கள். அப்போது செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

முழங்காலுக்கு எண்ணெய் போடுங்கள்.

அன்புடன்,
பட்டாணி


ஜனவரி 27

என் அருமை மருமகளுக்கு,

முழங்கால் ஒன்றைத் தவிர மாமாவின் மற்ற பாகங்கள் எல்லாம் முதல் தரம். எதிர் மாடியில் காயும் சட்டைக்கு எத்தனை பொத்தான் என்று இங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்வேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? சோதனை அறைக்குப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. குறை கண்டுபிடிக்கிற கண் நம் வம்சத்துக் கண். எனக்கு ஈடு கொடுக்க முடியாமல்தான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது என்பது உனக்குத் தெரியும்.

போனில் பேசினால் என்ன என்று நினைக்காதே. நான் தொண்டையைச் செருமி ஆரம்பிப்பதற்குள் மூன்று நிமிடம் ஓடிவிடுகிறது.

காது விஷயம் படித்தேன். செய்துகொள்ளேன், அதில் என்ன தப்பு? ஆனால் கத்தி வைத்துச் செய்வதைப் பெரிய வித்தை என்று அந்த டாக்டர் நினைத்துக்கொண்டிருந்தால், என்னை வந்து பார்க்கச் சொல். நான் முப்பது வருடமாக முகங்களைத் திருத்துகிறவன். மயக்க மருந்து கிடையாது, ரத்தம் கிடையாது. ஒரு நீதிபதி கோணல் மூக்கோடு என் மாடிப்படி ஏறினார். படத்தில் நேர் மூக்கோடு இறங்கினார். வீட்டுக்கு எடுத்துப் போனதும் அந்தப் படத்தைப் பார்த்து அவர் நாயே குரைத்ததாம். ஒரு மணப்பெண்ணின் மாறுகண்ணை நான் நேராக்கியதில், உண்மைக் கண்ணும் ஒரு வாரத்தில் நேராகிவிட்டது. நம்பினால் நம்பு.

உன் அம்மாவின் படம் இருக்கிறதே, அது வேறு ரகம். ஸ்டுடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியில் இருபத்தெட்டு வருடமாக அதுதான் நடுவில் இருக்கிறது. அதை வைத்த புதிதில் தெரு அடைத்துப் போய், போலீஸ் வந்து கூட்டத்தை ஒழுங்குபடுத்தியது. (சரி, ஒரே ஒரு போலீஸ்காரர். சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.) அந்த ஒரு படத்தால்தான் பக்கத்துத் தெரு ஸ்டுடியோக்காரர் கடையைச் செருப்புக் கடையாக மாற்றினார்.

அதற்காக டாக்டருக்கு எதற்குப் படம்? காது எப்படி இருக்கும் என்று அவர் படித்த புத்தகத்தில் போட்டிருக்காதா? நெகட்டிவ் டிரங்குப் பெட்டியின் அடியில் எங்கேயோ இருக்கிறது. அதன் மேல் இருபது வருடத்துச் சுமை. இந்த மாதம் தேடுவது கஷ்டம். மெல்லப் பார்க்கலாம், ஜூன் எங்கே ஓடிப்போகிறது.

புதிதாக ஒரு விளக்கு வாங்கியிருக்கிறேன். இந்தப் பக்கத்திலேயே என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

உன் மாமா


பிப்ரவரி 14

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இடைவேளையில் படித்தேன். நீதிபதியின் நாயை நினைத்துச் சிரித்ததில் மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார். சளி பிடித்திருந்தது, போய்விட்டது. உங்கள் வாசல் பூட்டை மாற்றினீர்களா?

டாக்டரிடம் மறுபடி போயிருந்தேன். சின்ன அளவுகோலைக் காதுக்குப் பின்னால் வைத்து அளந்தார். இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டியது எனக்கு மூன்றுக்கு மேல். "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். அப்பாவுக்கு இல்லை. அத்தைக்கு இல்லை. உங்களுக்கும் இல்லை. அம்மாவுக்கும் இல்லை என்று படத்திலேயே தெரிகிறது. பிறகு எனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது மாமா?

என்னை வளர்த்த அத்தையிடம் கேட்டேன். "உங்கம்மாவ நான் ரெண்டே தடவதான் பாத்திருக்கேன். ரெண்டு தடவையும் தலையில ஸ்கார்ஃப். குளிருதுன்னு சொன்னா. நல்ல வெயில் காலம் அது" என்றார். பிறகு, "உன் காது விரிஞ்சதுக்கு நீதான் காரணம். தூங்குறப்ப காதப் பிடிச்சு இழுத்துக்கிட்டே தூங்கினா வேற எப்படி இருக்கும்?" என்று பழைய பல்லவியை ஆரம்பித்துவிட்டார்.

அது உண்மைதான். நினைவு தெரிந்த நாளிலிருந்து எனக்குக் காதைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். அத்தை கையைத் தட்டிவிட்டுப் பார்த்தார், விரலில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நானே மருந்துக்கடை பிளாஸ்திரி வாங்கிக் காதைத் தலையோடு ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். காலையில் பிளாஸ்திரி தலையணையில் இருக்கும், கை காதில் இருக்கும். ஆபரேஷன் ஆனால் ஒரு மாதத்துக்குக் காதைத் தொடவே கூடாதாம். அது ஒன்றுதான் பயமாக இருக்கிறது.

நெகட்டிவைத் தேடுங்கள் மாமா. இதைத் தவிர நான் உங்களிடம் வேறு எதுவும் கேட்டதில்லை.

அன்புடன்,
பட்டாணி


மார்ச் 6

என் அருமை மருமகளுக்கு,

மாமா சௌக்கியம். சளிக்கு மிளகு போட்டு வெந்நீர் குடி. பூட்டை மாற்றிவிட்டேன். இப்போது என்னாலேயே திறக்க முடியவில்லை, அவ்வளவு பத்திரம்.

உன் காது எங்கிருந்து வந்தது என்று கேட்டாயே, இதை நீ முதலிலேயே மாமாவிடம் கேட்டிருக்க வேண்டும். என் தாத்தாவுக்கு ஒரு தம்பி. கப்பலில் வேலை. அவர் காது முறம் மாதிரி இருக்கும். மழை வருவதை முதல் நாளே கேட்டுவிடுவார். நடுக்கடலில் பாய் கிழிந்தபோது கப்பலின் முனையில் நின்று காதை விரித்தே கரை சேர்த்தார் என்று சொல்வார்கள். அவர் கணக்குத்தான் உனக்கு வந்திருக்கிறது. இப்படி வம்சத்தில் ஒரு தலைமுறை தாண்டி வரும், இரண்டு தலைமுறை தாண்டியும் வரும். விஞ்ஞானமே ஒப்புக்கொண்ட விஷயம்.

நீ வேறு எதுவும் கேட்டதில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரி மாமாவை உட்காரவிடவில்லை. டிரங்கைக் கவிழ்த்துத் தேடினேன். இத்துடன் படத்தை அட்டை வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறேன், பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். மூன்று நாள் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு இந்த ஒரு படத்துக்காக உட்கார்ந்தேன். காதின் ஒவ்வொரு மடிப்பையும் எண்ணலாம். எந்த டாக்டர் பார்த்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்.

கிடைத்ததும் ஒரு வரி எழுது. மூலையில் மடங்கியிருந்தால் தபால்காரரைச் சும்மா விடாதே.

உன் மாமா


மார்ச் 24

அன்புள்ள மாமாவுக்கு,

படம் மூலை மடங்காமல் வந்தது. அறைக்கு வந்து உறையைப் பிரித்தவள் வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா இவ்வளவு பெரிதாக என் எதிரில் இருந்ததே இல்லை. உங்களுக்கு நான் என்ன செய்யப் போகிறேன்? நீங்கள் நூறு வருடம் இருக்க வேண்டும். மூட்டு வலி இல்லாத நூறு.

டாக்டரிடம் கொண்டு போனேன். நீங்கள் சொன்ன மாதிரி எழுந்திருக்கவில்லை, ஆனால் விளக்கடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "நிஜக் காது ரெண்டும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்காது. உங்கம்மாவுக்கு இருக்கே" என்றார். படத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, "இந்தக் காதுக்கு நிழலே விழலயே. எடுத்தவர் கெட்டிக்காரர்" என்றார். எங்கள் மாமா என்றேன் பெருமையாக. மெல்லிய தாளைப் படத்தின் மேல் வைத்து, அம்மாவின் காதைப் பென்சிலால் அப்படியே வரைந்து எடுத்துக்கொண்டார். அந்தத் தாளை என் காதோடு வைத்துக் காட்டினார். எவ்வளவு உள்ளே போக வேண்டும், மேல் விளிம்பு எங்கே மடங்க வேண்டும் என்று நீல மையால் என் தோலில் கோடு போட்டார். கண்ணாடியில் பார்த்தேன். அந்தக் கோட்டுக்குள் அம்மா இருந்தாள் மாமா.

ஜூன் 4 காலை என்று நாள் குறித்தாகிவிட்டது. கூட இருந்து கையெழுத்துப் போட உறவினர் ஒருவர் வேண்டும் என்கிறார்கள். நீங்கள் வர வேண்டும். இப்போதே இரண்டு கையிலும் காலுறை மாட்டிக்கொண்டு தூங்கிப் பழகுகிறேன். காதைப் பிடிக்க முடியாமல் தூக்கம் சரியாக வரவில்லை. பழகிவிடும்.

எதிர்பார்க்கும்,
பட்டாணி


ஏப்ரல் 21

அன்புள்ள மருமகளுக்கு,

பதில் தாமதம். முழங்கால் வீங்கிவிட்டது. நீ தூங்குகிறாயா? காலுறையெல்லாம் வேண்டாம், கை வியர்க்கும்.

இங்கே அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற கூட்டம். புதிதாக ஓர் உத்தரவு, படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டுமாம். தெரியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நேற்று ஒரு பெண் முடியால் காதை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "காதக் காட்டும்மா" என்றேன். "காது எதுக்கு? மூஞ்சி தெரிஞ்சா போதாதா?" என்றாள். "படத்துல இருக்கிறது நீதான்னு தெரியணும்ல" என்றேன். சொன்னவன் பொத்தானை அழுத்தாமல் நின்றுவிட்டேன். "என்ன சார், தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

ஜூன் 4 பற்றி யோசித்தேன். கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்று தோன்றுகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் காதைத் தைத்துக்கொண்டார். அன்றிலிருந்து மூக்குக் கண்ணாடி நிற்கவில்லை. இன்னொருவருக்கு ஒரு பக்கம் பேசினால் மறு பக்கம் கேட்கிறதாம். வெயில் காலத்தில் தையல் ஆறாது. அடுத்த வருடம் பார்க்கலாமே.

என் முழங்காலும் பயணத்துக்கு ஒத்துழைக்குமா என்று தெரியவில்லை.

மாமா


மே 3

மாமாவுக்கு,

நான் நலம். உங்கள் வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எனக்குக் காது குத்த வேண்டாம் மாமா. மூக்குக் கண்ணாடி நிற்காதவரும், ஒரு பக்கம் பேசினால் மறு பக்கம் கேட்கிறவரும் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களும் கப்பல் தாத்தாவும் ஒரே தெருவில் குடியிருப்பவர்கள். ஜனவரியில் செய்துகொள் என்றீர்கள். மார்ச்சில் மூன்று நாள் கடையைச் சாத்திப் படம் போட்டு அனுப்பினீர்கள். இப்போது வேண்டாம் என்கிறீர்கள். வர இஷ்டமில்லை என்றால் அதை ஒரு வரியில் எழுதியிருக்கலாம்.

வாணலி என்று கூப்பிடுவதற்காக நான் இதைச் செய்யவில்லை. அதற்கு நான் பழகிவிட்டேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்கு அம்மா முகம் நினைவில் இல்லை. குரல் இல்லை, வாசனை இல்லை. எனக்கு ஒன்றரை வயதில் போய்விட்டாள். எனக்கு அம்மா என்றால் அந்தப் படம்தான். சின்ன வயதிலிருந்து அதைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பேன். நெற்றி சரி. மூக்குகூடப் பரவாயில்லை. காதுக்கு வந்ததும் எல்லாம் முடிந்துபோகும். அவள் வேறு ஆள், நான் வேறு ஆள். இந்தக் காது மட்டும் அவளுடையது போல ஆகிவிட்டால், தினமும் காலையில் முகம் கழுவும்போது ஒரு விநாடியாவது அவளைப் பார்ப்பேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கையெழுத்துப் போட என் கூட வேலை செய்பவள் வருகிறாள். நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

பட்டாணி


மே 16

என் கண்ணான மருமகளுக்கு,

நான் எழுதுவதில் பாதியைக் கழித்துவிட்டுப் படிப்பது உன் வழக்கம். இந்தக் கடிதத்தில் எதையும் கழிக்காதே.

நீ பார்த்துப் பார்த்து நிற்கிற காது உன் அம்மாவுடையது அல்ல. அதை வரைந்தவன் நான்.

உன் அம்மாவுக்கு உன் காதுதான். அளவுகோல் வைத்தால் மூன்றுக்கு மேல் போகும். சின்ன வயதில் அவளை 'முறம்' என்று கூப்பிடுவேன். அவள் கவலையே படமாட்டாள். "முறம்னா தூசியெல்லாம் புடைச்சுத் தள்ளிரும்ணா, நீ பேசுறதுல பாதி அப்படித்தான் போகுது" என்பாள். முடியை இழுத்து வாரிப் பின்னிக்கொண்டு, அந்த இரண்டு காதும் தெரிய தெருவில் ராணி மாதிரி போவாள். நான் அவளைப் படம் எடுத்த நாள் வரைக்கும்.

அவளுக்கு இருபத்திரண்டு வயதில் உன் அப்பா வீட்டில் கேட்டார்கள். அவர் வெகுதூரத்தில் வேலையில் இருந்தார், நேரில் வர முடியாது, ஒரு படம் அனுப்புங்கள் என்று எழுதினார்கள். நான் ஸ்டுடியோ திறந்து ஒரு வருடம். ஊரே என் கையைப் பார்க்க வேண்டும் என்ற திமிர். எடுத்தேன். அன்று ராத்திரிக்குள் நெகட்டிவைக் கண்ணாடிப் பலகையில் வைத்துத் திருத்தினேன். அதில் பிளேடால் மெல்லச் சுரண்டினால், சுரண்டிய இடம் படத்தில் கறுப்பாக விழும். அவள் காது இரண்டையும் சுரண்டினேன். கூந்தலோடு கூந்தலாகப் போய்விட்டது. பென்சிலால் தடவினால் அந்த இடம் வெள்ளையாக விழும். அதில் சின்னதாக இரண்டு காது வரைந்தேன். எதைப் பார்த்து என்று கேட்பாய். சுவரில் ஒரு சோப்பு காலண்டர் மாட்டியிருந்தது. அந்தப் பெண்ணின் காது. அவளுக்கு ஒரு பக்கம்தான் தெரிந்தது, அதையே திருப்பி மறுபக்கமும் போட்டேன். உன் டாக்டர் சரியாகப் பிடித்தார். நிழல் போட மறந்துவிட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். நான் இரண்டு காதைக் கூந்தலில் மறைத்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் என் கெட்ட காலம்.

யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. உன் அம்மாவிடம் நான் கேட்கவும் இல்லை. படத்தை அவள் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "யாருண்ணா இது?" என்றாள். பாராட்டுகிறாள் என்று நினைத்தேன். அதை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன், 'என் தங்கச்சிக்கே அடையாளம் தெரியவில்லை' என்று. இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறேன். சொன்னேன்.

உன் அப்பா அந்தப் படத்தைப் பார்த்துச் சரி என்று எழுதினார். அந்தக் கடிதம் வந்த மறுநாள் அவள் முடியை இறக்கி வாரினாள். பிறகு ஸ்கார்ஃப். நான் கேட்டதற்கு, "படத்துல இருக்கிறவளத்தானே அவரு கேட்டிருக்காரு" என்றாள். உன் அப்பா நல்ல மனிதர். கல்யாணத்துக்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தாலாவது அவள் அதைக் கழற்றி எறிந்திருப்பாள். சாகும்வரை நல்ல வெயிலிலும் தலையை மூடிக்கொண்டு குளிருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நெகட்டிவையே சுரண்டிவிட்டதால் அசல் என்று எதுவும் மிஞ்சவில்லை. பிறகு அவளை எடுத்த படங்களிலும் இதையேதான் செய்தேன். ஒன்றைச் செய்தால் எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருக்கிறது. மார்ச்சில் உனக்கு அனுப்பிய பெரிய படத்திலும் மூன்று நாள் உட்கார்ந்து, பழைய பொய்யை டாக்டருக்குத் தெளிவாகத் தெரியும்படி மெருகு போட்டேன். நீ கேட்டது அவள் காதை. நான் அனுப்பியது சோப்புக்காரியுடையதை. அதை வைத்து டாக்டர் உன் தோலில் கோடு போட்டார் என்று எழுதியிருந்தாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரே ஒரு படம் தப்பித்தது. இத்துடன் வைத்திருக்கிறேன்.

உனக்குப் பதினொரு மாதம். உன்னைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்திருந்தாள். உன்னைத் தனியாக எடுக்கத்தான் விளக்கைச் சரி செய்துகொண்டிருந்தேன். நீ அவள் மடியில் இருந்தபடி ஸ்கார்ஃபைப் பிடித்து இழுத்தாய். அது கழன்று விழுந்தது. உடனே அவள் காதை எட்டிப் பிடித்தாய். பிடித்தவள் விடவில்லை. "ஐயோ, விடுடி, பிச்சிறாத" என்று அவள் சிரித்தாள். என் கை தானாகப் பொத்தானை அழுத்திவிட்டது.

கழுவிப் பார்த்தேன். வழக்கப்படி பிளேடை எடுத்தேன். வைக்க முடியவில்லை. காதைச் சுரண்டினால் உன் விரல்கள் ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டு நிற்கும். விரல்களையும் சுரண்டினால் கை இல்லாத குழந்தை. பகல் முழுவதும் முயன்றேன். முப்பது வருடத்தில் என்னால் திருத்த முடியாத ஒரே படம் அது. அதனால் அதை யாருக்கும் காட்டவில்லை. அவள் கேட்டபோது, வெளிச்சம் பட்டு ஃபிலிம் வீணாகிவிட்டது என்றேன். அதற்குப் பிறகும் இரண்டு கடிதத்தில் கேட்டாள், "அந்தப் படம் எப்படி இருந்தாலும் பரவாயில்லைண்ணா, அனுப்பு" என்று. அனுப்பவில்லை. ஏழு மாதத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டாள்.

என் பெருமைக்காக நான் ஒளித்தது இதுதான்.

காதை என்ன செய்வது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உன் காது, உன் இஷ்டம். ஜூன் 4 கையெழுத்துப் போட வரச் சொன்னால், தவழ்ந்தாவது வருவேன். எந்தப் படத்தை டாக்டரிடம் கொடுக்கிறாய் என்று கேட்கமாட்டேன்.

மாமா


மே 30

மருமகளுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். கடிதம் கிடைத்திருக்கும். உள்ளே இருந்த படம் மடங்காமல் வந்ததா? தபால்காரர் என் வீட்டுக்கு எதிரே வந்தால் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். தினமும் நான் வாசலில் நிற்பது அவருக்குச் சங்கடமாக இருக்கிறதுபோல.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

மாமா


ஜூன் 11

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறேன். முழங்காலோடு வாசலில் நிற்காதீர்கள்.

நான்காம் தேதி நான் போகவில்லை. இரண்டு நாள் முன்னாலேயே போய், இப்போது வேண்டாம் என்று சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. இரண்டாவது படத்தையும் அவரிடம் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோப்பிலிருந்து அந்த மெல்லிய தாளை உருவி என் கையில் கொடுத்துவிட்டார். "எப்ப வேணும்னாலும் வாங்க. ஆனா எந்தக் காதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்க" என்றார். ஒரு நாள் போனாலும் போவேன். காது நீட்டிக்கொண்டிருப்பது அம்மாவிடமிருந்து வந்தது என்பதற்காக அது அழகாகிவிடாது. தொப்பி போட்டால் இன்றும் வாணலிதான். ஆனால் அம்மா மாதிரி ஆவதற்காகப் போகமாட்டேன்.

உங்களை இன்னும் மன்னிக்கவில்லை. பென்சிலுக்காக அல்ல. அவள் மூன்று தடவை கேட்டும் அந்தப் படத்தைக் கொடுக்கவில்லையே, அதற்காக. அதற்கு எனக்கு நாள் ஆகும். சொல்லாமல் இருப்பதைவிடச் சொல்லிவிடுவது நல்லது என்று சொல்கிறேன்.

இன்னொன்று. காலுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டேன். அந்தப் படத்தைப் படுக்கைக்கு எதிரில் வைத்திருக்கிறேன். என் கை எப்படிப் பிடித்திருக்கிறது பாருங்கள். கட்டைவிரல் மடலுக்குப் பின்னால், மற்ற நான்கு விரலும் மேல் விளிம்பில். இப்போதும் நான் அப்படித்தான் பிடித்துக்கொண்டு தூங்குகிறேன். அத்தை சொன்னது தப்பு மாமா. இத்தனை வருடமும் நான் தூக்கத்தில் பிடித்தது என் காதை அல்ல.

அம்மா சிரிக்கும்போது இடது கன்னத்தில் குழி விழும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பட்டாணி


ஜூன் 23

என் அருமை மருமகளுக்கு,

நீ நலம் என்று உன் எழுத்திலேயே பார்த்தேன், போதும். நாள் ஆகட்டும். மாமா காத்திருப்பேன்.

கடிதம் வந்த அன்றே கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். இருபத்தெட்டு வருடம் இருந்த படத்தை எடுத்த இடத்தில் சட்டத்தின் தடம் வெள்ளையாகத் தெரிந்தது. அதே அளவில் அந்த இன்னொரு படத்தைப் போட்டு நடுவில் மாட்டினேன். பிளேடு படவில்லை, பென்சில் படவில்லை. உன் விரல், அவள் காது, கீழே விழுந்து கிடக்கிற ஸ்கார்ஃபின் நுனி, எல்லாம் இருந்தபடி இருக்கிறது.

இன்று காலை ஓர் அம்மாள் கடைக்கு எதிரே நின்று வெகுநேரம் பார்த்தாள். உள்ளே வந்து, "வாசல்ல இருக்கிற படத்துல இருக்கிறது யாருங்க?" என்று கேட்டாள்.

"என் தங்கச்சிங்க" என்றேன்.

அதற்கு மேல் அவளிடம் ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை.

மாமா